பாரங்காரூ பழங்குடி நடை: அலுவலகத்தோடு போகிறவர்களுக்கு

மே 27 முதல் ஜூன் 3 வரை ஆஸ்திரேலியாவில், பழங்குடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான நல்லிணக்க வாரம். எங்கள் சிட்னி அலுவலகத்தில் அதற்கென்று ஒரு சடங்கு உண்டு: கப்கேக், ஒரு ஸ்லைடு, அதைப் பார்த்து மேலாளர் மண்ணின் மூத்தோருக்கு ஒரே மூச்சில் மரியாதை வாசிப்பது. இந்த முறை ஒரு புண்ணியவான் அந்தக் காசில் பாரங்காரூ பூங்காவில் பழங்குடி வழிகாட்டிகள் நடத்தும் நடைக்குப் பதிவு செய்துவிட்டார்.

பாரங்காரூ என்பது கேமரேகல் குலத்து மீனவப் பெண்ணின் பெயர். அவருடைய மக்களின் மீன்பிடிச் சாமான்களைத் திருடிய கைதிக்கு வெள்ளைக்காரர்கள் சவுக்கடி கொடுத்தபோது, அடித்தவன் மீதே தடியை ஓங்கியவர். இதை எழுதி வைத்ததும் வெள்ளைக்கார அதிகாரிதான். பூங்கா 2015இல் திறந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது சரக்குக் கப்பல்களுக்கான கான்கிரீட் தளம். 1836க்கு முந்தைய கரையை மாதிரியாக வைத்து மேட்டை மறுபடி கட்டி, 75,000க்கு மேல் செடியும் மரமும் நட்டிருக்கிறார்கள். (மேட்டுக்கு அடியில் கார் பார்க்கிங். சிட்னிதானே!)

வழிகாட்டி லோமாண்ட்ரா இலை ஒன்றை உருவி, வெள்ளையான அடிப்பாகத்தைக் கடிக்கச் சொன்னார். பச்சைப் பட்டாணி ருசி. பார்க்க நம் ஊர்க் கோரை மாதிரி இருக்கும் அந்த இலையில்தான் கூடையும் பின்னுவார்களாம். சிப்பியில் தேய்த்த தூண்டில் முள், மரப்பட்டைப் படகு, படகுக்குள்ளேயே களிமண் மேல் நெருப்பு என்று பெண்கள் மீன் பிடித்த விதத்தை அவர் சொல்லச் சொல்ல, எங்கள் டீமில் யாரும் போனை எடுக்கவில்லை.

"அப்படியென்றால் நிலம் இப்போது யாருடையது?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு எடி மாபோவிடம் போனது. டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தவர். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் உள்ள மேர் தீவில் இருக்கும் தன் குடும்ப நிலம் சட்டப்படி அரசுடையது என்பதே, அங்கிருந்த வரலாற்றாசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 1982இல் வழக்குப் போட்டார். 1992 ஜூன் 3 அன்று, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய கதையை உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) தள்ளிவிட்டது. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை, ஜனவரியிலேயே போய்விட்டார். பரம்பரை நிலத்துக்குப் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீஸுக்கு நடந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குறை எங்கள் அலுவலகத்தின் மீதுதான். இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் செருகியதால், மாபோ கதை பாதியில் இருக்கும்போதே நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். ஏற்பாடு செய்கிறவர்கள் அன்று பிற்பகலை முழுதாக விட்டுவிடுங்கள், சம்பள நேரத்திலேயே. அந்த வாரத்தில் எல்லா கம்பெனியும் கேட்கும், முன்னாடியே பதிவு செய்யுங்கள். பாரங்காரூ மெட்ரோவில் இறங்கினால் பூங்கா பக்கத்திலேயே. அப்புறம், ஜூன் மாதத் துறைமுகக் காற்று சும்மா விடாது, ஜாக்கெட் கட்டாயம்.