தமிழர் பகுதிக்குள் கால் வைக்காத ஒரு புதுச்சேரி வரலாறு

புதுச்சேரிக் கடைகளில் முன்வரிசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இந்த வரலாற்று நூலின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சிறு பதிப்பகத்தைப் பெயர் சொல்லிக் குட்டுவது என் நோக்கமன்று. அட்டையில் உள்ள மஞ்சள் சுவரையும் காகிதப் பூக்கொடியையும் சொன்னாலே, இந்த வட்டாரத்தில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு அது எது என்று தெரிந்துவிடும். விலை 480 ரூபாய், கெட்டி அட்டை, முந்நூறுக்குச் சற்றுக் குறைவான பக்கங்கள். வெள்ளையர் பகுதியைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன என்றும், வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாற்றை முதன்முறையாக முழுமையாகச் சொல்வது இந்நூலே என்றும் பின்னட்டை உறுதி கூறுகிறது. அதை நம்பித்தான் நானும் வாங்கினேன். நூல் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அளவுகோல் அது என்பதால், அதைக் கொண்டே அளந்து பார்க்கிறேன்.

பின்னட்டையை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். பிரதிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “பிரிச்சா வாங்கிக்கணும் சார். கடல் காத்துக்குப் பத்து நாள்ல தாள் நெளிஞ்சு போயிடுது” என்றார் கடைக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நெளிந்துபோன பிரதியை யாரும் வாங்குவதில்லை. ஆனால் பொருளடக்கத்தைக்கூடப் பார்க்க வழியில்லாதபோது, பின்னட்டையில் இருப்பதை மட்டுமே வைத்து வாசகர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகம் தேடுகிறவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, வேண்டிய மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகலாம். ஐம்பது, அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்கு உள்ள இந்த வசதி, 480 ரூபாய்ப் புத்தகத்துக்கு இல்லை.

உறையைப் பிரித்து உள்ளே போனால், பன்னிரண்டு இயல்களில் எட்டு இயல்கள் வாய்க்காலுக்குக் கிழக்கேதான் உலவுகின்றன. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் வந்து குடியேறியது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் ஆட்சி, ஆளுநர் மாளிகை விருந்துகள், தூமா வீதி வீடுகளின் சன்னல் வேலைப்பாடு, கடற்கரைச் சாலையின் மாலைப் பொழுதுகள் என்று, சுற்றுலாக் கையேடுகளில் படித்துச் சலித்த செய்திகளே மீண்டும் வருகின்றன. 1674க்கு முந்தைய காலம் முழுவதற்கும் ஒன்றரைப் பக்கம்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத் தொடர்பை வெளிக்கொணர்ந்த அரிக்கமேடு ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், கல்விச் சாலை ஒன்றுக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைக் கூறும் பாகூர்ச் செப்பேட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. கடலூரிலிருந்து பேருந்தில் வரும் எவரும் பாகூருக்குப் பிரியும் சாலையைக் கடந்துதான் புதுச்சேரிக்குப் போகிறார்கள். நூலாசிரியர் வந்த வழி வேறு போலும்.

மேற்குப் பக்கம் வரும்போதும் அவருடைய கண் கிழக்கிலேயே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிய இயலைப் படிப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பிள்ளை 1736 தொடங்கி 1761இல் இறக்கும் வரை எழுதிவந்த நாட்குறிப்பு தமிழில் அச்சாகிக் கிடைக்கிறது. துணி வணிகம், கப்பல்களின் வரவு, சாதிகளுக்கு இடையே நடந்த வழக்குகள், யாருக்கு யார் என்ன மரியாதை செய்தார்கள், யார் அதை மறுத்தார்கள் என்று, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் ஊர் ஒன்றின் அன்றாட வாழ்வு அதில் பதிவாகியிருக்கிறது. துய்ப்ளெக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்தவர் என்பதால் மாளிகைச் செய்திகளுக்கும் அதில் குறைவில்லை. நம் ஆசிரியர் மாளிகைச் செய்திகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஊர்ச் செய்திகளை அப்படியே விட்டுவிட்டார். 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்தக் கோயிலை இடிக்க வேண்டும் என்று பாதிரிமார் பல்லாண்டு வற்புறுத்திவந்ததும், ஊர்மக்கள் அதைத் தடுத்துவந்ததும் அதன் பின்னணியில் உண்டு. தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? நூலில் இதற்குக் கிடைத்திருப்பது, “போர்க்காலத்தில் கோயில் ஒன்றும் சேதமுற்றது” என்னும் ஒற்றை வாக்கியம்.

ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையைப் படிக்கலாம் என்று வாங்கிய நண்பர் ஒருவர் முதலியார்பேட்டையில் இருக்கிறார். அவருடைய தந்தையார் ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். 1936 ஜூலை 30 அன்று, சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஊரில் பெரும்பாலான வீடுகளில் யாரேனும் ஒருவருக்கு மில்லோடு தொடர்பு இருந்த காலம் அது. நூலில் இந்த நிகழ்ச்சி, கட்டடங்களைப் பற்றிய இயலில், ரோடியர் மில்லின் புகைபோக்கியை வருணிக்கும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் வருகிறது. தொழிலாளர் இயக்கத்தை வழிநடத்திய வ. சுப்பையாவின் பெயர் இரண்டே இடங்களில் காணப்படுகிறது; அவற்றில் ஓரிடத்தில் முதலெழுத்தே தவறு. “மில்லு சங்கு எத்தனை மணிக்கு ஊதும்னாவது எழுதியிருக்கலாம்ல” என்றார் நண்பர். அந்தச் சங்கை வைத்துச் சோறு வடித்த வீடுகள் அங்கே நிறைய என்பதால், அவர் கேட்டது ஒன்றும் அதிகமில்லை.

எனக்குப் பெரிதாகப் பட்ட குறை, சொல்தாக்களைப் பற்றி நூல் வாயே திறக்காததுதான். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களைப் புதுச்சேரியில் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்பதெல்லாம் இங்கே அன்றாடப் பேச்சு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டதும், புதுச்சேரித் தமிழர் பலர் இந்தோசீனாவுக்குக் கப்பலேறி சைகோனில் அரசு வேலையிலும் காவல் பணியிலும் அமர்ந்ததும், 1962க்குப் பிறகு எந்தக் குடியுரிமையை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்ததும், காரைக்காலைத் தவிர வேறு எந்தத் தமிழ் ஊருக்கும் வாய்க்காத வரலாறு. நூலின் வண்ணப் படப் பகுதியில், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் முதியவர்கள் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கும் படம் ஒன்று முழுப் பக்கத்தில் இருக்கிறது. நேர்த்தியான படம், ஓரத்தில் நிற்கும் ஒரு பெரியவர் வேட்டியின் மேல் கோட்டு அணிந்து, கையில் குடையை மடக்கிப் பிடித்திருப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. படத்தின் கீழே “பிரெஞ்சுப் பண்பாட்டின் வண்ணங்கள்” என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்த ஊர்ப் போருக்குப் போனார், திரும்பி வந்து எந்தத் தெருவில் வீடு கட்டினார் என்று, படம் எடுத்தவர் இரண்டடி முன்னே போய்க் கேட்டிருந்தால் ஓர் இயலுக்கு வேண்டிய செய்தி அங்கேயே கிடைத்திருக்கும். இதைச் சான்றுகள் கிடைக்காத குறை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆண்டுக் குழப்பம் தனிக் கதை. ஓர் இயல் புதுச்சேரி 1954இல் விடுதலை பெற்றது என்கிறது; அடுத்த இயல் 1962இல் விடுதலை பெற்றது என்கிறது. இரண்டுக்கும் அடிப்படை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. இதை விளக்க மூன்று வாக்கியங்கள் போதும். புதுச்சேரியில் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களிலும் ஏன் கொடியேற்றுகிறார்கள் என்று பள்ளிப் பிள்ளை கேட்டால், இந்த நூலை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. கீழூர் என்ற ஊர்ப் பெயரே நூலில் எங்கும் என் கண்ணில் படவில்லை.

கடலூர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்தபோது, ஆங்கிலேயரின் சோழமண்டலக் கரைத் தலைமையகம் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறி, 1752 வரை அங்கேயே இருந்தது. துய்ப்ளெக்சு அதைப் பிடிக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. அவருடைய வெற்றிகளுக்கு இரண்டு இயல்களை ஒதுக்கும் நூலில் கடலூர் “அருகிலுள்ள ஆங்கிலத் துறைமுகம்” என்ற அளவில் நின்றுவிடுகிறது. பாரதியார் 1908 முதல் புதுச்சேரியில் வாழ்ந்ததை உருக்கமாகச் சொல்லும் இயலும், 1918 நவம்பரில் அவர் எல்லை கடந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைபட்டதைத் தொடாமல், “தாயகம் திரும்பினார்” என்று சுபமாக முடிகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மூன்றாம் இயல் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரின் நேர்கோட்டு வீதிகளைப் பற்றியது அது. 1693இல் புதுச்சேரியைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த வீதித் திட்டமே பின்வந்த பிரெஞ்சு நகருக்கு அடிப்படையாக அமைந்ததையும், 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகு பழைய வீதிக் கோடுகளின் மேலேயே மீண்டும் வீடுகள் எழுந்ததையும், வரைபடங்களைப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். தெருத் திண்ணை, முற்றம், சன்னல் வைக்கும் முறை என்று தமிழர் வீட்டமைப்பைப் பற்றி நான்கு பக்கங்கள் இதில் மட்டும் வருகின்றன. படித்துவிட்டு வைசியர் வீதியில் நடந்தால், அதுவரை கண்ணில் படாத பல தெரியவரும். இப்படி எழுதத் தெரிந்தவர் மற்ற இயல்களை ஏன் இவ்வளவு அவசரமாக முடித்தார் என்பது விளங்கவில்லை.

அச்சும் கட்டும் விலைக்குத் தகுந்தவை. ஆனால் சொல்லடைவு கிடையாது, துணைநூல் பட்டியல் கிடையாது, மேற்கோள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் கிடையாது. மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடத்தின் படத்தை “150 ஆண்டு பழமை மாறாமல் இன்றும் நிற்கிறது” என்ற குறிப்புடன் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்ததும், இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டது என்பதும் புதுச்சேரியில் எல்லாருக்கும் தெரியும். மெய்ப்புப் பார்த்தவர்களில் ஒருவராவது உள்ளூர்க்காரராக இருந்திருந்தால் இது அச்சேறியிருக்காது.

இவற்றையெல்லாம் பதிப்பகத்துக்கு எழுதி அனுப்பினேன். மரியாதையாகவே பதில் வந்தது. மில் தொழிலாளர், சொல்தாக்கள், கிராமப்புறக் கொம்யூன்கள் (உள்ளாட்சிப் பிரிவுகள்) ஆகியவை இரண்டாம் பாகத்துக்கென ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் அட்டையில் முதல் பாகம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். முழுமையான வரலாறு என்று போட்டிருக்கக் கூடாது. இதையும் பதிலுக்கு எழுதினேன். அடுத்த அச்சில் கவனிப்பதாகச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு இந்த நூல் போதுமானதாக இருக்கலாம். உள்ளூர் வாசகர்கள் நூலகத்தில் பிரதி கிடைத்தால் மூன்றாம் இயலை மட்டும் படித்துக்கொள்ளலாம். கையில் 480 ரூபாய் இருப்பவர்கள் அதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தொகுதி ஒன்றுக்குச் செலவிடலாம் என்பது என் பரிந்துரை.