ஊட்டியில் சாப்பாடு: மெஸ்ஸா, மல்டி குசினா, பேக்கரியா?

ஊட்டி ஹோட்டல்களுக்குக் கோயம்புத்தூர் அளவுகோலில் மார்க் போட்டால் கணக்கு தப்பும். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 92, 93-லேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. குளிர் வேறு. இந்த இரண்டையும் ஒரு சமையலறை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தாலே பாதி மதிப்பெண் முடிவாகிவிடும். நாங்கள் போடுவது இருபதுக்கு: மாவு 5, சோறு 5, சூடு 4, எண்ணெய் 3, தண்ணீரும் கழுவலும் 3. ஜன்னல் வழியாக ஏரி தெரிகிறதா என்பதற்கு மார்க் கிடையாது.

மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்களில் முதலில் பார்க்க வேண்டியது இட்லி. மாவு நன்றாகப் பொங்க 28, 30 டிகிரி வேண்டும். இங்கே குளிர்கால இரவில் அது வைத்தபடியே கிடக்கும். விவரமான மாஸ்டர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்பார், அண்டாவைச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைப்பார். அவசரக்காரர் சோடா உப்பைக் கொட்டுவார். எது நடந்தது என்பது பிட்டுப் பார்த்தால் தெரியும். ஒழுங்காகப் புளித்த இட்லியில் துளைகள் பொடியாக, ஒரே சீராக இருக்கும். லேசான புளிப்பு மணம் வரும். சோடா இட்லியில் துளை பெரிசு பெரிசாக, நிறத்தில் மஞ்சள் தட்டி, நாக்கில் சோப்பு வாடை நிற்கும். புளிக்காத மாவு என்றால் நடுவில் பிசுபிசுவென்று அடைத்திருக்கும். ஆவியும் சூடு குறைவு என்பதால் கீழே சமவெளியில் எடுக்கிற நேரத்துக்கே தட்டை இறக்கினால் நடு வேகாது. சில நிமிடம் கூட விட வேண்டும். மாவில் சந்தேகமா? புரோட்டா சொல்லிவிடுங்கள், அதற்குப் புளிப்பு தேவையில்லை.

அடுத்தது சோறு. அகலப் பானையில் வடிக்கும்போது வெளிப்புறம் குழைந்து, உள்ளே வெள்ளைப் புள்ளி நிற்பது இந்த ஊரின் வழக்கமான கோளாறு. ஒரு பருக்கையை விரலுக்கிடையில் நசுக்குங்கள். நடுவில் நறுக்கென்று பட்டால் அரிசியை ஊறவைக்காமல் அவசரமாகப் போட்டிருக்கிறார்கள். அரை மணி ஊறினாலே பெருமளவு சரியாகும். குக்கர் வைத்தால் பிரச்சினையே இல்லை: கீழே 120 டிகிரி வரும் குக்கர் இங்கேயும் 115-ஐத் தாண்டும். அதனால்தான் சாம்பார் பருப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது, சோறு மாட்டிக்கொள்கிறது. கூட்டம் நெரிகிற ஞாயிறு மதியம் இரண்டாவது, மூன்றாவது பானைச் சோறுதான் கெட்டுப்போகும். பன்னிரண்டரைக்கே உட்காருவது உத்தமம். மட்டன் பிரியாணிக்கும் இதே விதி. திறந்த தேக்சாவில் கறி வேக நேரம் அதிகம், பொறுமை இல்லாத கடையில் ரப்பராக இழுக்கும். தெரியாத கடையென்றால் சிக்கன்.

சேரிங்கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கத்து மல்டி குசின்கள் வேறு மாதிரி. மெனு கார்டு தடிமன் கூடக்கூட எங்கள் நம்பிக்கை குறையும். பட்டர் மசாலா, கடாய் வெஜ், கோலாப்பூரி மூன்றும் ஒரே நிறத்தில் வந்தால் ஒரே வெங்காயம் தக்காளி கிரேவி மூன்று பெயரில் வந்திருக்கிறது. ஓரத்தில் கொதித்து நடுவில் சில்லென்று இருந்தால் மைக்ரோவேவ். நான் ரொட்டி சொல்வதற்கு முன் தந்தூர் அடுப்பு மூட்டியாச்சா என்று கேட்டுவிடுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் சாயங்காலம்வரை மூட்டாத கடைகள் உண்டு. ஆனால் ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸில் இவர்களை மெஸ்கள் நெருங்க முடியாது. இரும்புச் சட்டியின் சூட்டை உயரம் ஒன்றும் செய்யாது, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கழிப்பறையும் பார்க்கிங்கும் தனி லாபம்.

எண்ணெய்க்கு ஒரு எளிய சோதனை. சட்னி மேல் தாளித்தது ஐந்து நிமிடத்தில் வெள்ளையாகத் திரையிட்டால் தேங்காய் எண்ணெய் அல்லது டால்டா வகை. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அப்படி உறையாது. தேங்காய் எண்ணெய் குற்றமில்லை, நெய் தோசை என்று காசு வாங்கிய தட்டில் டால்டா படிவதுதான் குற்றம். சூட்டு மார்க்கில் மெஸ்ஸின் எவர்சில்வர் தட்டு பின்தங்கும். சில்லிட்ட தட்டு தோசையின் சூட்டை உறிஞ்சிவிடும். தட்டை வெந்நீரில் அலசி எடுத்து வைக்கிற கடைக்கு முழு நான்கு.

பேக்கரியைச் சாப்பாட்டுக் கடையாக எண்ண வேண்டாம், வர்க்கிக்கும் (ஊட்டியின் அடுக்கு பிஸ்கட்) டீக்கும் போங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கியை உடைத்தால் நொறுங்கி அடுக்கடுக்காக உதிர வேண்டும். வளைந்தால் மூடியைத் திறந்தே வைத்து மூடுபனி ஏறிய சரக்கு. ஃபில்டர் காபியையும் தயங்காமல் கேட்கலாம். டிகாக்‌ஷன் இறக்க 92 டிகிரி போதும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் கடைத் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும். வெந்நீர் கேளுங்கள், குறைந்த சூட்டில் கொதித்தாலும் கிருமி சாகும். ஆவி வராத தண்ணீரை வெந்நீர் என்று வைத்தால் மூன்றில் ஒன்று.

கூகுள் நட்சத்திரங்களை ஏப்ரல், மே கூட்டத்தில் எழுதியவை, மழை மாதங்களில் எழுதியவை எனப் பிரித்துப் படியுங்கள். மே மாதக் கோபம் பெரும்பாலும் காத்திருந்ததைப் பற்றியது, ஜூலைக் கோபம் பழைய மாவைப் பற்றியது. இரண்டாவதற்கு அதிக எடை கொடுங்கள். எங்கள் கணக்கில் காலையும் மதியமும் மெஸ் 14, 15 வாங்கும். மல்டி குசின் 11-ஐத் தாண்டுவது அபூர்வம். இரவு எட்டுக்கு மேல் நிலைமை மாறும்: மெஸ்ஸில் மாவின் அடிவண்டலும் ஆறிய குருமாவும்தான் மிஞ்சும், தந்தூர் அப்போதுதான் சரியான சூட்டில் இருக்கும்.