டின் ஓப்பனரைத் தேய்க்க எந்த மிஷின்?

குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை உண்டு. பாக்கெட்டில் கிடக்கும் மல்டி டூலின் (கத்தி, குறடு எல்லாம் மடங்கி ஒன்றாக இருக்கும் கருவி) டின் ஓப்பனரால் இதுவரை ஒரு டின்கூடத் திறந்ததில்லை. ரப்பர் பால் வடியும் சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை நெம்பியெடுக்க, அதை மழுங்கின கொக்கியாகத் தேய்த்துவிடலாம் என்று தோன்றியது. சரி, எதில் தேய்ப்பது?

கையில் முதலில் அகப்பட்டது ஆங்கிள் கிரைண்டர். 4 இஞ்ச் வட்டு, நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. கேட்டுக் கம்பி அறுக்கிறவர்களுக்கு அது தங்கம். நான் ஒரு பழைய டூலை இரண்டு விநாடிதான் காட்டினேன், நுனி நீலம் பாய்ந்துவிட்டது. சாதா இரும்பு 300 டிகிரிவாக்கில் நீலமாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீலமாக அதைவிட ரொம்பச் சூடு வேண்டும். ஆகவே நிறம் கண்ணில் படும்போது பதம், அதாவது ஸ்டீலின் கடினம், எப்போதோ இறங்கியிருக்கும். அந்த நுனி முதல் சிரட்டையிலேயே வளைந்தது.

பெஞ்ச் கிரைண்டர் எவ்வளவோ தேவலை. 6 இஞ்ச் கல், 2,800 சுற்றுதான். கல்லின் விளிம்பு ஓடும் வேகம் மற்றதில் பாதிகூட வராது. இரண்டு கையாலும் டூலைப் பிடித்து, தொடுவதும் தண்ணீரில் முக்குவதுமாகப் போகலாம். விரலுக்குச் சுட்டால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் கொக்கியின் உள்வளைவுக்குள் அந்தக் கல் நுழையாது, டூலின் கைப்பிடியும் இடிக்கும்.

உள்வளைவுக்குப் பேனா மாதிரி பிடிக்கிற ரோட்டரி டூல்தான். 30,000 சுற்று என்று பயமுறுத்தும். பட்டாணி அளவு கல்லில் அது பெரிய வேகமில்லை. கல்தான் சீக்கிரம் கரையும், நாலைந்து வாங்கி வைக்க வேண்டும்.

சாதா அரம் பதமேறிய ஸ்டீலில் வழுக்கும், வைர அரம் பிடிக்கும். அரை மணி நேரம் கை வலிக்கும், அவ்வளவே. சூடும் இல்லை, கரண்டும் வேண்டாம்.

என் கொக்கியின் வெளிவடிவம் பெஞ்சில், உள்வளைவு ரோட்டரியில், ஓரம் அரத்தில். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரோட்டரி வாங்குங்கள், கூடவே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும். தேய்க்குமுன் டூலின் மூட்டுகளில் டேப் சுற்றுங்கள், கல்தூள் உள்ளே போனால் நறநறக்கும்.

அப்புறம் உப்புத்தாள். குளச்சலில் இருக்கும் என் மச்சான் 'போதும்' என்று தேய்த்த கோடுகளோடே விட்டார். கடல்காற்றில் ஒவ்வொரு கோட்டிலும் துரு பிடித்தது. இப்போது 1000 நம்பர் தாளும் தேங்காய் எண்ணெயுமாக உட்கார்ந்திருக்கிறார்.