பாலைவன ரேஸ் டிரக்கில் எல்எஸ்3 இன்ஜின்: பல சீசன் ஓட்டிய அனுபவம்

எங்கள் டிரக்கில் இருப்பது செவ்ரலேயின் எல்எஸ்3. 6.2 லிட்டர் வி8, அலுமினிய பிளாக், டர்போ கிடையாது. டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) 550 ஹெச்பிக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. மெக்சிகோவின் பாஹா 1000 மாதிரியான பாலைவனப் போட்டிகளில் முன்வரிசையில் ஓடும் டிராஃபி டிரக்குகள் (அங்கே உச்சப் பிரிவு வண்டிகள்) 800, 900 ஹெச்பி வைத்திருக்கும்போது இது குறைவுதான். ஆனாலும் பல சீசன் மணலிலும் பாறையிலும் ஓட்டி, சீசன் முடிந்ததும் பிரித்துப் பார்த்து வந்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. இன்ஜினுக்கு ஒதுக்கும் பணம் முதலில் ஆயில், சூடு, புழுதி இந்த மூன்றையும் சமாளிக்கப் போக வேண்டும். ஹெச்பி கூட்டுவது அதற்கப்புறம்.

முதலில், ஏன் எல்எஸ்3? அதே குடும்பத்தின் 7.0 லிட்டர் எல்எஸ்7 மேல் எங்களுக்கும் ஆசை இருந்தது. தொழிற்சாலையிலிருந்தே 505 ஹெச்பி, டைட்டானியம் கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைப்பது), ட்ரை சம்ப் (ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் அமைப்பு) எல்லாம் உண்டு. ஆனால் அதன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 101.6 மில்லிமீட்டர், எல்எஸ்3-க்கு 92. 6,500 ஆர்பிஎம்மில் எல்எஸ்7 பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 22 மீட்டர், எல்எஸ்3-இல் 20-க்குள் நிற்கும். சர்க்யூட் ரேஸில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்க ஆக்சிலரேட்டரை மிதித்தபடி மணலில் இழுக்கும் வண்டிக்கு, சின்ன ஸ்ட்ரோக் தரும் நிம்மதி பெரியது. 6.0 லிட்டர் இரும்பு பிளாக்கையும் யோசித்தோம். விலை குறைவு, பலமும் அதிகம். ஆனால் அலுமினியத்தைவிட சுமார் 40 கிலோ கூடுதல், அந்த எடை முழுக்க முன் சஸ்பென்ஷன் மேல் உட்காரும். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். டர்போ பற்றி அதிகம் பேசவில்லை. ஏற்கெனவே சூட்டோடு மல்லுக்கட்டும் இடத்தில் இன்னொரு அடுப்பை யாரும் வைக்க மாட்டார்கள்.

பிளாக்கும் ஹெட்டும்தான் கம்பெனியுடையவை. உள்ளே சுழல்வது எல்லாம் மாற்றியது. எல்எஸ்3-இல் வரும் வார்ப்பு கிராங்க்குக்குப் பதில் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்க், 4340 ஸ்டீல் ராடு, 2618 அலுமினியத்தில் ஃபோர்ஜ்டு பிஸ்டன். 2618 உலோகம் சூட்டில் அதிகம் விரியும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக வைக்க வேண்டும். குளிரில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கடகடக்கும். கேட்பவர்கள் பயப்படுவார்கள், சூடேறியதும் அடங்கிவிடும். லேசாக நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால்கூடத் தாக்குப்பிடிக்கும் குணத்துக்காகத்தான் அதை எடுத்தோம்.

ராடு போல்ட் விஷயத்தில் சமரசமே கூடாது. டிரக் காற்றில் இருக்கும்போது டயருக்குப் பிடிப்பு இல்லை. டிரைவர் காலை எடுக்க அரை விநாடி தாமதித்தால் ஆர்பிஎம் எகிறும். 6,500-இலிருந்து 7,200-க்குப் போனால் ஆர்பிஎம் 11 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் ராடு போல்ட்டைப் பிய்த்து இழுக்கும் விசை 23 சதவீதம் கூடுகிறது. அந்த விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதுதான் காரணம். அதனால் போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முறுக்குவதில்லை. முறுக்குவதற்கு முன்னும் பின்னும் நீளத்தை அளந்து, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்கிறோம். பிரிக்கும்போது மறுபடியும் அளக்கிறோம். கழற்றிய பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பாத போல்ட் குப்பைக்கு. ஆர்பிஎம்மை அடக்கும் லிமிட்டர் 6,900-இல் இருக்கிறது.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைத் தேர்ந்தெடுத்தது டைனோ தாள் இல்லை, கியர்பாக்ஸ். எங்களிடம் இருப்பது மூன்றே கியர் கொண்ட டர்போ 400 ஆட்டோமேட்டிக் (பெயரில் மட்டும்தான் டர்போ). விகிதங்கள் 2.48, 1.48, 1.00. 6,500-இல் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் ஆர்பிஎம் 3,900-க்கு விழுகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறினால் 4,400-க்கு. ஆக 3,900-இலிருந்து 6,500 வரை இழுவை சீராக இருந்தாக வேண்டும். உச்சத்தில் இன்னும் 40 ஹெச்பி தரும் பெரிய கேம் கிடைக்கும்தான். அதைப் போட்டால் 4,000-இல் வண்டி மூச்சு வாங்கும், மணலில் புதையும். சின்ன கேம் வால்வு ஸ்பிரிங்குக்கும் நல்லது. ஆட்டோமேட்டிக்கை வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குதித்து இறங்கும்போது டயர் திடீரென்று பிடிக்கும் அதிர்ச்சியை டார்க் கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்கிறது, கிராங்க் வரை முழு அடியாக வருவதில்லை.

எல்எஸ் இன்ஜின் கட்டும் எவருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று ராக்கர் ஆர்ம், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல். கம்பெனி ராக்கரின் நடுவில் கூண்டு இல்லாத ஊசி பேரிங்குகள் இருக்கும். சாலை வண்டிக்குப் போதும். கடினமான ஸ்பிரிங்கும் கூடுதல் வால்வு லிஃப்ட்டும் (வால்வு திறக்கும் உயரம்) சேர்ந்தால் அவை வெளியே தள்ளப்பட்டு, அந்த ஊசிகள் ஒவ்வொன்றாக ஆயில் வழியே கீழே இறங்கும் அபாயம் உண்டு. வெண்கல புஷ் போட்ட டிரன்னியன் (ராக்கரின் நடு அச்சு) கிட் இதற்காகவே விற்கிறது. மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே அதை மாற்றினோம். கேம் மேலே தள்ளும் லிஃப்டரிலும் பிளாஸ்டிக் டிரேயை விட்டுவிட்டு, இரண்டிரண்டாக இணைப்புப் பட்டை போட்டவைதான்.

சிலிண்டர் வேலைக்கு நாங்கள் முதலில் போன பட்டறை, டெக் பிளேட் மாட்டாமலேயே ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்து கொடுத்துவிட்டது. ஹெட்டை முறுக்கியதும் துளை வட்டமாக இருக்காது, இம்மியளவு கோணும். அந்தக் கோணலோடு வைத்துத்தான் ஹோனிங் செய்ய வேண்டும், அதற்குத்தான் அந்தக் கனமான தகடு. சிலிண்டரில் காற்றை அடைத்துக் கசிவைப் பார்க்கும் லீக்-டவுன் சோதனையில் சில சிலிண்டர்களில் கசிவு 15 சதவீதத்தைத் தாண்டியது. எல்எஸ்3-இன் லைனர் (சிலிண்டரின் உள் உறை) மெல்லியது, துளையைப் பெரிதாக்க அதிக இடம் கிடையாது. வேறு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதற்குள் பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது. வேலை கொடுக்கும்போதே டெக் பிளேட் இருக்கிறதா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இனி ஆயில். ட்ரை சம்ப் போட்டது இந்த டிரக்குக்குச் செய்த மிக நல்ல காரியம். மேட்டில் ஏறும்போதும், நீளமாக பிரேக் பிடிக்கும்போதும், சாதாரண சம்ப்பில் (இன்ஜினின் அடித்தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப்பின் வாய் காற்றை உறிஞ்சும். பேரிங்குக்கு அந்த ஒரு விநாடி போதும். ட்ரை சம்ப்பில் பெல்ட்டில் ஓடும் வெளி பம்ப் கீழே விழும் ஆயிலை உறிஞ்சி உயரமான டேங்குக்கு அனுப்புகிறது; அங்கே சுழன்று காற்று பிரிந்த பிறகுதான் திரும்ப வருகிறது. 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் என்ற பழைய கணக்கைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம். டேங்கில் ஆயில் சூடாகும்வரை ஆர்பிஎம் ஏற்றக் கூடாது என்பதில் எங்கள் டீமில் யாருக்கும் சலுகை இல்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. ஹேக்சா வேண்டாம், அதன் துகளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர்தான் சரி. உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெட்டியெடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பாக விரிக்கிறோம். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் லிஃப்டர், கேம், ரிங் பக்கம் சந்தேகம். ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் மினுங்கினால் பேரிங். ஒன்றிரண்டு புள்ளி பரவாயில்லை. மடிப்புக்கு மடிப்பு மினுங்கினால் அடுத்த ஓட்டம் கிடையாது.

புழுதி அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்பினால் சிலிக்கான் அளவு சொல்வார்கள். சிலிக்கானும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் போகிறது என்று அர்த்தம். புதிதாகக் கட்டிய இன்ஜினில் சீலன்ட் பேஸ்ட் காரணமாகவும் சிலிக்கான் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்கள் அனுபவத்தில் ஃபில்டர் துணியைவிட அதன் விளிம்புதான் பலவீனம். ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வாய்) நடுவே உள்ள ரப்பர் குழாயின் கிளாம்ப், அதிர்வில் மெல்லத் தளரும். குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி பழுப்பானால் எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டர் இருந்தும் பயனில்லை.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. எரியும் பெட்ரோலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் கிராங்க்குக்கு வருகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி ரேடியேட்டருக்கு. சாலையில் யாரும் 550 ஹெச்பியைத் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. மணலில் வேகம் குறைவு, லோடு முழுசு, எதிர்க்காற்றும் கிடைக்காது. அதனால் ஃபேனை நம்பித்தான் வாழ்க்கை. கல்லும் சேறும் படாமல் இருக்க ரேடியேட்டரைப் பின்னால் வைத்திருக்கிறோம், அதனால் குழாய் நீளம். காற்று சிக்காமல் நிரப்புவதே ஒரு தனி வேலை. ஹெட்டின் நான்கு மூலைகளிலும் உள்ள நீராவித் துளைகளை ஒன்றாக இணைத்து மேல் டேங்குக்குக் கொண்டுபோன பிறகு வெப்பமானி ஆடுவது நின்றது. இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் கொடுக்கும் நேரம்) டைனோ சொன்ன சிறந்த இடத்திலிருந்து 2 டிகிரி பின்னால் வைத்திருக்கிறோம். அதில் போகும் பவர் சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியவே தெரியாது.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: கிராங்க் சென்சார் கனெக்டரை கேபிள் டை போட்டுக் கட்டி வைக்கவும். அது ஒரு கணம் விட்டாலும் இன்ஜின் நின்றுவிடும்.

குறைகளும் இருக்கின்றன. நீளமான சமவெளியில் பெரிய இன்ஜின் டிரக்குகள் எங்களைச் சுலபமாகத் தாண்டிப் போகின்றன, அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வால்வு ஸ்பிரிங் சீசன் தாங்குவதில்லை. டெஸ்டரில் வைத்தால் அழுத்தம் 10 சதவீதம் குறைந்திருக்கிறது, அதனால் நடுவில் ஒரு செட் மாற்றியாக வேண்டும். ட்ரை சம்ப் பெல்ட்டைக் கல் அடிக்காமல் காக்கும் மூடி இன்னும் திருப்தியாக அமையவில்லை. இந்த முறை இன்ஜின் இறங்கும்போது மூடியை ஸ்டீலில் செய்து, ஏர் ஃபில்டர் பெட்டியையும் கேபினுக்குப் பின்னால் உயரத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம். பேரிங் மட்டும் புதுசு. பிஸ்டனும் ராடும் அளவில் சரியாக இருந்தால் அப்படியே திரும்பப் போகும்.