ரீட்மியா, டாக்ஸ்ட்ரிங்கா? ஏஜென்ட்டுக்கு டூலை விளக்க நான் பட்ட பாடு

ஏற்காட்டில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் பழக்கம். அதை நான் சேலத்தில் உட்கார்ந்து அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் ஏற்றி வைப்பேன், நாளுக்கு ஒரு வரி, வருஷத்துக்கு ஒரு கோப்பு. அப்சிடியன் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் சாதாரண மார்க்டவுன் கோப்பாகத்தான் வைக்கிறது, அதனால் ஏஐ ஏஜென்ட் (கேள்விக்குத் தகுந்தபடி டூல்களைத் தானே கூப்பிடும் மாடல்) அதைப் படிக்க பைத்தானில் ஒரு குட்டி டூல், அதாவது அது கூப்பிடக்கூடிய ஒரு ஃபங்ஷன், எழுதுவது ஒரு சாயங்கால வேலை. அந்த டூல் என்ன செய்யும் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்கிற விளக்கம்தான் இரண்டு மாசத்தைத் தின்றது.

வழி இரண்டு. தனியாக ஒரு ரீட்மி, அதாவது விளக்கக் கோப்பு, எழுதி அதை சிஸ்டம் பிராம்ப்ட்டில் (உரையாடலுக்கு முன்பே மாடலுக்குக் கொடுத்துவிடும் குறிப்பு) ஒட்டிவிடலாம். இல்லையென்றால் ஃபங்ஷனுக்குள்ளேயே முதல் வரிகளில் டாக்ஸ்ட்ரிங் என்ற விளக்க வாசகமாக எழுதலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி.யில் (மாடலையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு என்று மூன்று இருக்கும், மாடலின் கண்ணில் படுவது அவைதான். பைத்தானில் அதற்கான ஃபாஸ்ட்எம்சிபி என்ற நூலகம் அந்த விளக்கத்தை டாக்ஸ்ட்ரிங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது நான் டாக்ஸ்ட்ரிங் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரீட்மியில் நல்லது இல்லாமல் இல்லை. மனுஷர் படிக்க வசதி, எப்படி நிறுவுவது, ஃபோல்டர் எப்படி இருக்கும் என்றெல்லாம் விலாவாரியாக எழுதலாம். எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைக் கவிழ்த்தது பராமரிப்பு.

முதலில் என் டூல் கோப்பை முழுசாகப் படித்துக் கொடுத்தது, ரீட்மியும் அப்படியே சொன்னது. வருஷக் கோப்பு வளர வளர ஒவ்வொரு கேள்விக்கும் டோக்கன் (மாடல் உரையை எண்ணும் அலகு) எகிறியது. ஒரு ராத்திரி பொறுக்காமல் ஒரு தடவைக்கு 200 வரிதான் என்று கோடில் மாற்றினேன். ரீட்மி ஞாபகத்துக்கே வரவில்லை, அது வேறு ஃபோல்டரில் கிடந்தது. இரண்டு வாரம் கழித்து மாமா போன் செய்கிறார்: "என்னடா மாப்ள, ஐப்பசியில மழையே இல்லைங்குது உன் மிஷினு? நான் எழுதிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சு?"

ஏற்காட்டில் ஐப்பசியில் மழை இல்லையாம்! கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. ஜனவரி 1-இல் தொடங்கி நாளுக்கு ஒரு வரி என்றால் 200-ஆவது வரி ஜூலை நடுவிலேயே முடிந்துவிடும். முழுக் கோப்பும் கைக்கு வந்துவிட்டது என்று ரீட்மி சொல்ல, ஏஜென்ட் அதை நம்பி, அக்டோபரைக் காணோம், ஆகவே மழை இல்லை என்று ரொம்ப மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

டாக்ஸ்ட்ரிங்கில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் எண்ணை மாற்றும்போதே மேலே நாலு வரியில் விளக்கம் கண்ணில் படும், ஒரு தடவைக்கு எத்தனை வரி என்ற லிமிட்டின் இயல்பு மதிப்பும் உள்ளீட்டு அமைப்பில் தானாகப் போய்விடும். ஆனால் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த மாசமே 200-ஐ 300 ஆக்கிவிட்டு டாக்ஸ்ட்ரிங்கில் 200 என்றே விட்டிருந்தேன். எண்ணை ஒரே இடத்தில் வைத்து, அதை வாசகத்துக்குள் தானாகச் செருகும் எஃப்-ஸ்ட்ரிங்காக எழுதலாம் என்று பார்த்தால், எஃப்-ஸ்ட்ரிங்கை பைத்தான் டாக்ஸ்ட்ரிங்காக ஏற்றுக்கொள்வதில்லை. கடைசியில் ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு எழுதும் டெக்கரேட்டரில் விளக்கத்தை நேரடியாகக் கொடுத்தேன். அப்புறம் அதைவிட முக்கியமான ஒன்று: டூல் திருப்பித் தரும் பதிலின் கடைசி வரியிலேயே "மொத்தம் 365 வரி, இங்கே 1 முதல் 300 வரை, மீதிக்கு ஆஃப்செட் 301" என்று வரும்படி செய்தேன். விளக்கம் பழசானாலும் இந்த வரி பொய் சொல்லாது, அது கோப்பை எண்ணிச் சொல்கிறது.

விளக்கமும் வளர்ந்தது. "குறிப்புக் கோப்பைப் படிக்கும்" என்று ஒற்றை வரியாக இருந்தது இப்போது எட்டு வரி. எப்போது கூப்பிட வேண்டும், கோப்புப் பெயர் தமிழில் இருக்கும், கோப்பு கிடைக்காவிட்டால் ஒத்த பெயர்களைத் திருப்பித் தரும், இப்படி. எட்டு வரியும் ஒவ்வொரு உரையாடலிலும் கான்டெக்ஸ்டில், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கும் உரையில், போய் உட்காரும், தமிழுக்கு டோக்கன் கூடுதலாக ஆகும், அதனால் விளக்கத்தை ஆங்கிலத்திலேயே எழுதினேன், உதாரணப் பெயர்கள் மட்டும் தமிழில்.

தமிழ்ப் பெயர் என்றதும் ஒரு கிளைக்கதை. "கொடி மிளகு" என்று ஒரு கோப்பு. கண் முன்னால் இருக்கிறது, ஏஜென்ட் இல்லை என்கிறது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. இதை எந்த விளக்கத்திலும் எழுதிப் பயனில்லை, இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரி கோடுதான் மருந்து. அதேபோல ஃபோல்டரை விட்டு வெளியே போகாதே என்பதையும் விளக்கத்தில் கெஞ்சக்கூடாது, கோடில் பூட்ட வேண்டும். குறிப்புக்குள் ஒட்டிவைத்த வலைப்பக்கத்தில் யாராவது கட்டளை எழுதியிருந்தால் அதைக் கேட்காதே என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ஆனால் அதை நம்பித் தூங்கமாட்டேன், டூலுக்கு எழுதும் உரிமையே கிடையாது.

இதெல்லாம் ஒற்றை ஆள், ஒரே டூல், இரண்டு மாடல் வைத்துப் பார்த்த அனுபவம். நாலு பேர் சேர்ந்து முப்பது டூல் வைத்திருக்கும் இடத்தில் எட்டு எட்டு வரியாக எழுதினால் கான்டெக்ஸ்ட் என்ன ஆகும் என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ரீட்மியே சரியாகப் படலாம்.

என் ரீட்மியை அழிக்கவில்லை. எப்படி நிறுவுவது, ஃபோல்டர் எங்கே என்று நாலு வரியோடு கிடக்கிறது, சிஸ்டம் பிராம்ப்ட்டில் மட்டும் அதற்கு இடமில்லை. மாமா ஐப்பசிக் கேள்வியைத் திரும்பக் கேட்டார். ஏஜென்ட் இரண்டு தடவை படித்துப் பதில் சொன்னது, அவர் விடாமல் நோட்டை வைத்து நாள் நாளாகச் சரிபார்த்தார். ஒரு நாள் மட்டும் இடித்தது. 12 மில்லிமீட்டருக்குப் பதில் நான் 0 என்று தட்டியிருந்தேன்.