புவா ஷேரி வெனிலா டீ: பால் ஊற்றினால்தான் டீ

மொரீஷியஸ் போய்வருபவர்கள் பெட்டியில் தவறாமல் வந்து சேரும் சாமான், அங்குள்ள புவா ஷேரி தோட்டத்து வெனிலா தேயிலை. வாங்கிக்கொண்டவர்கள் பெட்டியை முகர்ந்து பார்த்துப் பூரித்து, ‘பாரின் டீ’ என்ற மரியாதையில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு கப் போட்டுக் குடிப்பார்கள். அப்புறம், “வாசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா டீ குடிச்ச மாதிரி இல்லையே” என்று அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். டீயின் மேல் குற்றமில்லை. நான் அந்தத் தீவில் பார்த்தவரை வீடுகளில் யாரும் இதை அப்படிக் குடிப்பதில்லை.

நான் எபேனில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது ரோஸ் ஹில்லில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் முன்னோர் தமிழர்கள். பெயரில் முருகன் உண்டு, பேச்சு முழுக்க அந்தத் தீவின் மொழியான கிரியோல். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம். அவர் வீட்டில் டீ என்றாலே வெனிலா டீதான். விருந்தாளிக்கென்று தனியாக எடுத்துவைத்ததல்ல. கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீர், அதில் நாலைந்து நிமிஷம் தேயிலைப் பை, பழுப்புச் சர்க்கரை, மேலே தாராளமாகப் பால் பவுடர். பை போட்டதும் கப்பிலிருந்து எழும் வாசனை அப்படியே கஸ்டர்டு. பால் பவுடர் கலந்ததும் அந்த வாசனை மூக்கைவிட்டு இறங்கி நாக்குக்கு வந்துவிடும்.

ஏன் என்று யோசித்தால் நியாயம் புரிகிறது. தேயிலையின் துவர்ப்பைப் பாலில் உள்ள புரதம் பிடித்துக்கொள்கிறது. வெனிலாவின் மணமோ கொழுப்பில் நன்றாகக் கரையக்கூடியது. துவர்ப்பு ஒதுங்க, மணம் பரவ, இரண்டும் ஒரே மடக்கில் நடக்கிறது. பால் இல்லாமல் குடித்தால் மணம் தனியாகவும் டீ தனியாகவும் நிற்கும். விழுங்கியதும் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது.

நான் குன்னூர்க்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலை கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே. அந்தக் குளிரில் மெதுவாக வளரும் இலைக்கு இயல்பாகவே ஒரு பூ வாசம் உண்டு. அதில் எசன்ஸைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. புவா ஷேரி தோட்டம் கிடப்பது சுமார் 500 மீட்டரில். அங்கே விளைவது மென்மையான, உருண்டையான டீ. தனக்கென்று பெரிய வாசம் எதுவும் இல்லாததால்தான் வெனிலாவுக்கு இடம் கொடுக்கிறது. இதே வேலையை ஒரு நல்ல கோத்தகிரி தேயிலையில் செய்திருந்தால் சண்டைதான் வரும்.

தோட்டம் தீவின் தென்பகுதியில், சிவராத்திரிக்கு ஜனங்கள் நடந்தே போகிற கங்கா தலாவ் ஏரிக்கு அருகில் இருக்கிறது. 1892இல் தொடங்கியது. பாக்டரியைச் சுற்றிக் காட்டுவார்கள். இலையை வாட்டி, நசுக்கி, நொதிக்கவிட்டு, உலர்த்துகிற அதே கதைதான், குன்னூரில் வளர்ந்தவன் கொட்டாவி விடலாம். மேலே ஏரிக்கரைக் குடிலில் ருசி பார்க்க உட்கார வைப்பார்கள் பாருங்கள், அங்கே கொட்டாவி வராது. கீழே தேயிலைப் பச்சை, தூரத்தில் தென்கடல். வெனிலா, தேங்காய், புதினா என்று வகைவகையாக டீ. தேங்காய் டீ எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட நினைப்பைத் தந்தது, அதைப் பற்றி இவ்வளவு போதும். கடையில் காசு கொடுக்கும்போது கையிலிருந்த ரூபாய் நோட்டைக் கவனியுங்கள். தொகை தமிழிலும் எழுதியிருக்கும்.

நேரம் இருந்தால் அங்கிருந்து செயின்ட் ஓபன் என்ற பழைய எஸ்டேட் வரை போய் வெனிலாக் கொடியையும் பார்த்துவிடலாம். ஆர்க்கிட் இனத்துக் கொடி. தாய்நாடு மெக்சிகோ. இந்துமாக்கடல் தீவுகளுக்குக் கொண்டுவந்து நட்டபோது கொடி வளர்ந்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்துத் தீவான ரீயூனியனில் 1841இல் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன்தான் ஒரு சிறு குச்சியையும் கட்டைவிரலையும் வைத்துப் பூவை மகரந்தம் சேர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் அதே கைவேலைதான். பூ விரிவது ஒரே ஒரு காலைப்பொழுது. அதைத் தவறவிட்டால் அந்தப் பூவில் காய் இல்லை. காய் முற்ற ஒன்பது மாதம், பிறகு பதப்படுத்த இன்னும் சில மாதம். குங்குமப்பூவுக்கு அடுத்த விலை ஏன் என்று அந்தக் கொடியின் கீழே நின்றால் தெரியும்.

நம் ஊரில் போடும்போது சில விஷயங்கள். பாலோடு சேர்த்துப் பாத்திரத்தில் கொதிக்கவிடாதீர்கள். பொங்கிவரும் ஆவியோடு மணமும் போய்விடும். டிகாக்‌ஷனைத் தனியே இறக்கி, காய்ச்சிய பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். இஞ்சி வேண்டாம், ஏலக்காய் வேண்டவே வேண்டாம். வெல்லம் போட்டுப் பார்த்தேன், வெனிலா அப்படியே அமுங்கிப்போனது. பழுப்புச் சர்க்கரை நன்றாகச் சேர்கிறது. கரும்புத் தீவின் டீ, பின்னே எப்படி இருக்கும்?

கடித்துக்கொள்ள கேக், பிஸ்கட் என்று போகாதீர்கள். இனிப்புக்கு மேல் இனிப்பு திகட்டும். மொரீஷியஸில் இதற்கு ஜோடி கத்தோ பிமா. மஞ்சள் பட்டாணிப் பருப்பை ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாய், வெங்காயத்தாள் போட்டுப் பொரித்தது. நம் மசால் வடைக்குச் சொந்தத் தங்கை. வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அதை வைத்து நசுக்கிக் காலைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். காரம் ஏறிய நாக்கில் இந்த டீ படும் சுகம் தனி. நம் வீட்டில் மசால் வடையே போதும்.

விடிந்ததும் நெற்றிப்பொட்டில் அடிக்கிற மாதிரி டீ கேட்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்காக ஒரு வழி வைத்திருக்கிறேன்: பாதி வெனிலாத் தேயிலை, பாதி நீலகிரி டஸ்ட். வாசனை கொஞ்சம் குறையும், நிறமும் பிடிப்பும் வந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். யாராவது மொரீஷியஸ் போனால், ஊர்க்காரர்கள் மளிகை வாங்குகிற சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிவரச் சொல்லுங்கள். அங்கே இது தினசரிச் சாமான்.