பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் வாழ்ந்த வீடு: அவசியம் போய்ப் பாருங்கள்

ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்தில் இருக்கும் இந்தப் பண்ணை வீடு இப்போது நினைவில்லம். சின்ன ஊர்தான், காரில் போவது வசதி.

பயிர், மாடு, மனைவி பிரான்சிஸ்கா, மூன்று பெண் பிள்ளைகள், அப்புறம் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் கோயில்பிள்ளை (கோயிலைப் பார்த்துக்கொள்பவர்) வேலை. இதுதான் அவர் உலகம். ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றார். 1943 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மனியின் பிராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டிவிட்டார்கள். வயது 36. கத்தோலிக்கத் திருச்சபை 2007இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) தந்தது.

எனக்கு நெஞ்சு கனத்தது பிரான்சிஸ்காவை நினைத்துத்தான். பிள்ளைகளையும் நிலத்தையும் தனியாகப் பார்த்துக்கொண்டு, 100 வயது வரை வாழ்ந்தார். சிறைக்கும் வீட்டுக்கும் நடந்த கடிதங்களை முன்பே படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு அறையும் பேசும். கோயிலும் பக்கத்திலேயே, சேர்த்தே பார்க்கலாம். அரை நாள் ஒதுக்குங்கள்.